காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுப்பது: நாக்சோஸ் தீவின் மணற்கடற்கரைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்கத் தீவு என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது சாண்டோரினியின் வெள்ளைச் சுவர்களும் நீலக் குவிமாடங்களும்தான். ஆனால் கால் புதைய நடக்கும் மணலை நினைத்து அங்கே போகிறவர்கள், பெரிஸ்ஸாவிலும் கமாரியிலும் எரிமலை விட்டுச்சென்ற கறுப்பு மணலையும் கூழாங்கற்களையும் கண்டு, நண்பகலில் அதன்மேல் வெறுங்காலோடு நிற்கவும் முடியாமல் செருப்பைத் தேடுவார்கள். அது அழகில்லாத கடற்கரை என்று சொல்லமாட்டேன். நீங்கள் தேடிப்போன கடற்கரை அது அன்று. வெளிர்நிற மணலும் தெளிந்த நீரும் குடும்பத்தோடு நாள் முழுக்க இருக்க இடமும் வேண்டுமென்றால், அதே சிக்லாடீஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரியதான நாக்சோஸ் தீவை நான் பரிந்துரைப்பேன். சுமார் 430 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவின் தலைநகரான ஹோராவுக்குத் தெற்கே, மேற்குக் கரை நெடுகிலும் மணற்கடற்கரைகள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடக்கின்றன.

நானும் என் குடும்பமும் இத்தீவுக்கு இருமுறை சென்றிருக்கிறோம். ஜூலை இறுதியில் சென்ற முதல் பயணத்தில் காற்றைப் பற்றி எதுவும் அறியாமல் திட்டமிட்டோம்; செப்டம்பரில் சென்ற இரண்டாவது பயணத்தைக் காற்றை முன்வைத்தே திட்டமிட்டோம். இந்த வழிகாட்டி அந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

முதற்படி: மாதத்தை முடிவு செய்தல்

விமானக் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்பே மாதத்தை முடிவு செய்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் மெல்தேமி என்ற வடகாற்று வீசுகிறது. வானத்தில் ஒரு மேகத் துணுக்கும் இராது, வெயில் பளீரென்று அடிக்கும். காலை பத்து, பதினொரு மணிவாக்கில் மெல்ல எழும் காற்று பிற்பகலில் உச்சத்தை எட்டி, பொழுது சாய்ந்த பிறகே பெரும்பாலும் தணியும். சில வேளைகளில் இரவிலும் ஓயாமல் மூன்று நான்கு நாட்கள் விடாமல் வீசுவதும் உண்டு. பழைய கிரேக்கர் இதற்கு இட்ட ‘எதேசியாய்’ என்ற பெயருக்கு ஆண்டுதோறும் வருபவை என்று பொருள். நம் ஆடி மாதமும் இக்காற்றின் உச்சகாலமும் ஒன்றாக அமைந்ததில் ஒரு காரணமும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை நம் பக்கம் இழுக்கும் தாழ்வழுத்தப் பகுதி மேற்கே துருக்கி வரை நீண்டு கிடக்க, பால்கன் பக்கம் உயரழுத்தம் நிற்க, இரண்டுக்கும் இடைப்பட்ட ஏஜியன் கடலில் காற்று வடக்கிலிருந்து தெற்காகப் பாய்கிறது. ஆடிக்காற்றில் இங்கே அம்மி பறக்கிறது என்றால், அங்கே கடற்கரைக் குடைகள் பறக்கின்றன. எங்கள் முதல் பயணத்தில் மூன்றாம் நாள் பிற்பகலில் கெண்டைக்காலில் ஊசி குத்துவதுபோல் மணல் அடிக்க, என் மகள் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு விடுதிக்குப் போகலாம் என்று அழுதது இன்றும் நினைவில் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை, ஜூன் இரண்டாம் பாதி அல்லது செப்டம்பர். ஜூனில் பகல் மிக நீளமானது. சூரியன் மறைய இரவு எட்டரை மணிக்கும் மேலாகிவிடும். ஆனால் கடல் நீர் சுமார் 22 பாகையில், நம் உடலுக்குச் சற்றே குளிர்ச்சியாகத்தான் இருக்கும். கோடை முழுதும் சூடேறிய கடல் செப்டம்பரில் 24 பாகையை ஒட்டி நிற்கும், கூட்டம் கலைந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். மே மாதத்தில் மலைகள் பசுமையாக இருந்தாலும், வங்கக் கடலின் வெதுவெதுப்பில் குளித்துப் பழகியவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்கத் தயங்குவார்கள். அக்டோபர் நடுவுக்குப் பிறகு உணவகங்களும் கப்பல்களும் ஒவ்வொன்றாகக் குறைந்துவிடும். பள்ளி விடுமுறை காரணமாக ஆகஸ்டில்தான் போக முடியும் என்பவர்கள், ஆகஸ்ட் 15 ஐ ஒட்டிய வாரத்தையாவது தவிர்க்க வேண்டும். அது அன்னை மரியாளின் திருநாள், நாட்டு மக்களே பெருந்திரளாகத் தீவுகளுக்குச் செல்லும் வாரம்.

இரண்டாம் படி: விசாவும் ஆவணங்களும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். 15 நாள் என்பது விதி அனுமதிக்கும் எல்லை மட்டுமே. முடிவு 45 நாள் வரை இழுக்கலாம் என்பதால், மூன்று மாதங்களுக்கு முன்பே நேர்காணலுக்கான நாளைப் பிடித்துவிடுவது நல்லது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரையிலான குழந்தைகளுக்கு 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவச் செலவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு கட்டாயம். விடுதிப் பதிவை, பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் செய்து விண்ணப்பத்தோடு வையுங்கள். தீவுக்குச் செல்லும் கப்பல் சீட்டை விசா கைக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: ஏதென்ஸிலிருந்து தீவுக்கு

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றிலோ இஸ்தான்புல்லிலோ மாறி ஏதென்ஸ் சேர்வது வழக்கமான வழி. அங்கிருந்து நாக்சோஸுக்கு இரண்டு வழிகள் உண்டு. தீவில் சிறிய விமான நிலையம் ஒன்று இருக்கிறது. ஓடுபாதை நீளம் குறைந்தது என்பதால் விசிறி பூட்டிய சிறு விமானங்கள்தான் இறங்கும். பயண நேரம் முக்கால் மணிக்குள் அடங்கிவிடும், ஆனால் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும், பெட்டியின் எடையிலும் கண்டிப்பு உண்டு.

நான் கப்பலையே விரும்புவேன். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாவது தடம் நேராகப் பிரேயஸ் துறைமுகத்துக்குச் செல்கிறது. ஒரு மணி நேரம் ஆகும். பெரிய வண்டிக்கப்பல் பரோஸ் தீவைத் தொட்டு, ஐந்து முதல் ஐந்தரை மணி நேரத்தில் நாக்சோஸ் சேரும். விரைவுப்படகு மூன்றரை மணி நேரத்தை ஒட்டிச் சேர்ந்துவிடும், கட்டணம் கூடுதல். நேரத்தை மட்டும் பார்த்து விரைவுப்படகைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இரண்டு செய்திகளை எண்ணிப்பாருங்கள். பெரும்பாலான விரைவுப்படகுகளில் வெளியே நின்று கடல் பார்க்கத் தளம் இராது, அலை எழுந்தால் குமட்டலும் மிகுதி. மேலும், காற்று பியூஃபோர்ட் அளவில் 8 ஐ, அதாவது மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் பெரிய கப்பல்களையே கடலோரக் காவல்துறை நிறுத்திவிடும். விரைவுப்படகுகள் அதற்கு முன்பே நின்றுபோகும். முதல் பயணத்தில் நாங்கள் திரும்பவேண்டிய விரைவுப்படகு காற்றால் ரத்தாக, அன்றிரவே ஏதென்ஸில் பிடிக்கவேண்டியிருந்த விமானத்தைத் தவறவிட்டோம். படகுச் சீட்டின் பணம் திரும்பி வந்தது. விமானச் சீட்டின் பணம் வரவில்லை. எனவே தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் தாயகம் திரும்பும் விமானத்துக்கும் இடையே ஓர் இரவை ஏதென்ஸில் கழிக்கும்படி திட்டமிடுவதை இந்த வழிகாட்டியின் மிகக் கண்டிப்பான அறிவுரையாகக் கொள்ளுங்கள்.

கப்பலில் ஏறியதும் வண்டித்தளத்தின் ஓரத்தில் தீவுகளின் பெயர் எழுதிய இரும்புத் தட்டுகள் இருக்கும்; உங்கள் பெட்டியை நாக்சோஸ் என்ற தட்டில் வைத்துவிட்டு மேலே போகலாம். அறிவிப்பு வந்தவுடன் கீழே இறங்கி நின்றுகொள்ளுங்கள், ஏனெனில் கப்பல் துறையில் நிற்பது சில நிமிடங்கள் மட்டுமே. சரிவுப்பலகை தாழ்ந்து வெளிச்சம் உள்ளே வெள்ளமாகப் புகும்போது, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி முடிவடையாமல் நின்றுபோன அப்பொல்லோன் கோயிலின் பளிங்கு வாயில், போர்த்தாரா, கரையோரச் சிறுகுன்றின்மேல் தனித்து நிற்பது கண்ணில் படும்.

நான்காம் படி: தங்குமிடம்

ஹோராவில் தங்கினால் மாலையில் கடைத்தெருவும் கோட்டைச் சந்துகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கடற்கரைக்குப் பேருந்தில் போய்வர வேண்டும். தெற்கேயுள்ள கடற்கரையூர்களான ஆயியோஸ் புரோகோபியோஸிலோ ஆயியா அன்னாவிலோ தங்கினால் காலையில் எழுந்து துண்டோடு நடந்தே மணலை அடையலாம். குழந்தைகளோடு செல்பவர்களுக்கு இரண்டாவது ஏற்பாடே நல்லது என்பேன், ஏனெனில் காற்று எழுந்ததும் அறைக்குத் திரும்பி, மாலையில் மறுபடி வருவது எளிது. கோடையில் ஹோராவின் துறைமுகத்திலிருந்து இக்கடற்கரைகள் வழியாக அடுத்துள்ள பிளாக்கா கடற்கரை வரை பேருந்து அடிக்கடி ஓடும். சீட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொள்வது வழக்கம்.

அறை வாடகைக்கு மேல் அரசு விதிக்கும் காலநிலைக் கட்டணம் ஒன்று உண்டு. அதை விடுதியில்தான் கட்ட வேண்டும். 2025 ஆம் ஆண்டு விகிதப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு, இரண்டு நட்சத்திரம் வரையிலான விடுதிகளில் 2 யூரோ, மூன்றில் 5, நான்கில் 10, ஐந்தில் 15. ஒரு வாரத் தங்கலில் இது சிறு தொகை அன்று.

ஐந்தாம் படி: கடற்கரையைத் தேர்ந்தெடுத்தல்

வரைபடங்களில் ‘அகியோஸ்’ என்று படிக்கத் தோன்றும் சொல்லை அவ்வூரார் ‘ஆயியோஸ்’ என்றே ஒலிப்பார்கள். புனிதர் என்று பொருள். பேருந்து ஓட்டுநரிடம் கேட்கும்போது இது உதவும். எந்தக் கிரேக்கக் கடற்கரையைப் பற்றி விசாரித்தாலும் இன்னும் இரண்டு சொற்களை நினைவில் வையுங்கள்: ‘ஆமோஸ்’ என்றால் மணல், ‘வோத்சலோ’ என்றால் கூழாங்கல்.

ஹோராவின் தென்கோடியிலேயே இருப்பது ஆயியோஸ் யோர்கியோஸ். ஊரிலிருந்து நடந்தே போகலாம். வெகுதூரம் வரை இடுப்பளவு ஆழமே இருப்பதால் நீந்தத் தெரியாதவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மிகப் பொருத்தம். ஆனால் காற்று நாட்களில் அதன் தெற்குப் பகுதி பாய்மரப்பலகைக்காரர்களின் களமாகிவிடும்.

அங்கிருந்து தெற்கே சுமார் ஐந்து கிலோமீட்டரில் ஆயியோஸ் புரோகோபியோஸ். இதன் மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: மாவு போன்ற மென்மணல் அன்று, ரவையைவிடப் பெரிய, ஒளி ஊடுருவும் மணிகள். ஈரக் காலில் ஒட்டினாலும் காய்ந்ததும் தானே உதிர்ந்துவிடும். காற்றிலும் எளிதில் பறக்காது. மணி பெரிதாக இருப்பதால் நீர் கலங்குவதும் குறைவு, மார்பளவு நீரில் நின்று பார்த்தாலும் கால்விரல் நகம் தெரியும். ஆனால் கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் சட்டென்று கூடுகிறது என்பதைக் குழந்தைகளோடு செல்பவர்கள் மறக்கக்கூடாது. வடமேற்கே நிற்கும் ஸ்தெலிதா குன்று வடகாற்றை ஓரளவு தடுப்பதால், மெல்தேமி மிதமாக வீசும் நாட்களில் நான் முதலில் போவது இங்கேதான். அந்தக் குன்றில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன என்பது, குடையடியில் சோம்பிக் கிடக்கையில் அசைபோட நல்ல செய்தி.

அடுத்து ஆயியா அன்னா. சிறு படகுத்துறையும் உணவகங்களும் நெருங்கிய இடம். அதைத் தாண்டினால் சுமார் நான்கு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பிளாக்கா. நீங்கள் மனத்தில் கண்ட வெற்று மணல்வெளி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வடமுனையில் குடைகளும் உணவகங்களும் இருந்தாலும், தெற்கே நடக்க நடக்கக் கூட்டம் கரைந்து மணல்மேடுகள் மட்டும் எஞ்சும். சில இடங்களில் நீர்விளிம்பை ஒட்டித் தட்டையான பாறைப் பலகைகள் நீருக்கடியில் கிடக்கும், வழுக்கும். நீர் வெளிர்நீலமாகத் தெரியும் இடத்தில் இறங்குங்கள், கருமையாகத் தெரியும் இடத்தில் வேண்டாம். ஒதுக்கமான பகுதிகளில் ஆடையின்றிக் குளிப்பவர்கள் நெடுங்காலமாகவே வருகிறார்கள் என்பதையும் பெற்றோரோடு செல்பவர்கள் முன்கூட்டி அறிந்திருப்பது சங்கடத்தைத் தவிர்க்கும்.

அதற்கும் தெற்கேயுள்ள மிக்ரி விக்லா காற்றாடிப்பலகை விளையாட்டுக்காரர்களின் ஊர். அவர்கள் தேடி வரும் காற்றிலிருந்துதான் நாம் ஒதுங்க வேண்டும். இன்னும் தெற்கே அலிக்கோ முனையில் தேவதாரு எனப்படும் குட்டை மரக்காடும் அதன் ஓரத்தில் சிறு மணல்வளைவுகளும் உள்ளன. முனையின் ஒரு பக்கம் காற்றடித்தால் மறுபக்கம் அமைதியாக இருக்கும். நிழலும் தண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டிய இடம் அது, வாடகை வண்டி இருந்தால் எளிது.

தூய்மையைப் பற்றி ஒரு சொல். கரையில் பறக்கும் நீலக்கொடி ஒரு விளம்பரப் பலகை அன்று. 1985 இல் பிரான்சில் தொடங்கி, நீரின் தரம், கழிவு மேலாண்மை, பாதுகாப்பு முதலியவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட நிபந்தனைகளை வைத்து வழங்கப்படும் விருது. கிரேக்கத்தில் 600 க்கும் மேற்பட்ட கடற்கரைகள் இதைப் பெறுகின்றன. ஆனால் விருது ஆண்டுதோறும் புதிதாக வழங்கப்படுவது, விண்ணப்பித்தவர்களுக்கே கிடைப்பது. ஆகவே கொடி இல்லாத கடற்கரை அழுக்கானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி குளிக்கும் நீரில் குடல் நுண்ணுயிரிகளை ஒவ்வொரு பருவத்திலும் சோதித்து, ‘மிகச் சிறப்பு’ முதல் ‘மோசம்’ வரை நான்கு தரங்களில் வெளியிடுகிறார்கள். நான் கொடியைவிட அந்தத் தரத்தையே பார்ப்பேன். கரையோரத்தில் பழுப்பு நாடாக்கள்போல் உலர்ந்த இலைக்குவியல் கிடந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அது பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. பாதுகாக்கப்பட்ட தாவரம் அது, அருகே அது வளர்வதே கடல் நலமாக இருப்பதற்கு அடையாளம்.

ஆறாம் படி: கடற்கரையில் ஒரு நாள்

முந்தின இரவே காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். பியூஃபோர்ட் 4 வரை எங்கும் போகலாம். 5 என்றால் ஆயியோஸ் புரோகோபியோஸ் போன்ற ஒதுக்கமான கரையைத் தேர்ந்தெடுங்கள். 6 அல்லது அதற்கு மேல் என்றால் காலை எட்டு மணிக்கே நீரில் இறங்கிப் பதினோரு மணிக்கு எழுந்துவிடுங்கள். பிற்பகலில் தீவின் உட்பகுதிக்குப் போகலாம். எலுமிச்சை இனத்துச் சிட்ரான் மரத்தின் இலையிலிருந்து மது வடிக்கும் ஹால்கி ஊரும், சங்கிரி அருகேயுள்ள தெமேத்தர் கோயிலும், பெயரால் சேயுஸ் கடவுளோடு தொடர்புடைய, 1,000 மீட்டரைத் தாண்டும் ஸாஸ் மலையும் அங்கே இருக்கின்றன. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் காற்றடைத்த மிதவைகளில் குழந்தைகளை ஏற்றவே கூடாது. அலையில்லாத கடல்போல் தோன்றினாலும் மிதவை சில நிமிடங்களில் எட்டாத தொலைவுக்குப் போய்விடும். அவசர உதவிக்கு 112, கடலோரக் காவலுக்கு 108.

குடையும் சாய்வுப்படுக்கையும் வாடகைக்குக் கிடைக்கும். வரிசைக்கு வரிசை விலை மாறும் என்பதால் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அவற்றை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடற்கரை அங்கே பொதுச்சொத்து. 2023 கோடையில் பக்கத்துத் தீவான பரோஸில், படுக்கைகள் மணலையே விழுங்கிவிட்டன என்று அவ்வூர் மக்கள் துண்டுகளை விரித்துப் போராடினார்கள். அதன் பிறகு 2024 இல் வந்த சட்டப்படி, நீர்விளிம்பிலிருந்து நான்கு மீட்டர் வரை படுக்கை போடக்கூடாது, கடற்கரையில் குறைந்தது பாதி இடம் காலியாக இருக்க வேண்டும். உங்கள் துண்டை விரிக்க இடம் இல்லை என்று யாரேனும் சொன்னால், பணிவாக இதை நினைவூட்டலாம்.

நண்பகலில் பசி எடுத்தால், சைவம் உண்பவர்களுக்கு ஒரு சொல் உதவும்: ‘நிஸ்திசிமோ’. கிரேக்கத் திருச்சபையின் நோன்பு உணவைக் குறிக்கும் அச்சொல்லைச் சொன்னால், இறைச்சியோ பால்பொருளோ முட்டையோ இல்லாத பண்டங்களைக் காட்டுவார்கள். சிப்பி, கணவாய் நோன்பில் சேரும் என்பதால் அதை மட்டும் தனியாகக் கேட்டு விலக்குங்கள். அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, பெரிய வெள்ளை மொச்சைபோன்ற கிகாண்டஸ், மஞ்சள் பருப்பை மசித்த ஃபாவா எல்லாம் நம் நாக்குக்கு அந்நியமாக இரா. நாக்சோஸ் உருளைக்கிழங்கு அந்நாடு முழுதும் பெயர் பெற்றது. அதைப் பொரித்து, மேலே உள்ளூர் கிராவியேரா பாலாடைக்கட்டியைத் துருவித் தருவதை ஒருமுறையாவது வாங்கிச் சாப்பிடுங்கள். குடிநீருக்குப் புட்டி நீரையே பலரும் நம்புகிறார்கள்.

ஏழாம் படி: திரும்புதல்

கடைசி மாலையைப் போர்த்தாராவில் கழிக்கலாம். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே போனால் கல்லில் உட்கார இடம் கிடைக்கும். மறுநாள் கப்பலுக்கு முன் பெட்டிகளைக் கட்டும்போது, குழந்தைகள் சேர்த்து வைத்த மணற்புட்டியையும் கூழாங்கற்களையும் எடுத்துத் திரும்பக் கரையில் கொட்டிவிடுங்கள். கிரேக்கக் கடற்கரைகளிலிருந்து அவற்றை எடுத்துச்செல்லத் தடை உண்டு. புறப்படும் நாளில் காற்று 7 ஐத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால், துறைமுகத்துச் சீட்டு அலுவலகத்துக்கு முந்தின நாளே சென்று, அன்றே கிளம்பும் பெரிய கப்பலுக்குச் சீட்டை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். ஏதென்ஸில் கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் அக்ரோபோலிஸ் இருக்கிறது.